நெல்நாட்டு உணவும் மேனி நலமும்
(தஞ்சையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேனி பொலிவுடன் இருக்கவும் முகத்தில் மூப்புச் சீக்கிரம் தட்டாதிருக்கவும் எதை உண்ணவேண்டும் என்ற பொருள் குறித்துப் பேசும்படி என்னைப் பணித்த அன்பர்கள், கடல் கடந்து வந்த ஏதோ ஓர் அபூர்வமான கனியையோ விதையையோ நான் சிபாரிசு செய்யப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பார்களானால், இன்று அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் ஊட்டி வளர்த்த இந்தப் பிரதேசத்தில், சருமத்துக்கு வேண்டிய ஆகாரம் அனைத்தும் வரப்பிலும் வாய்க்காலிலும் கொடிக்காலிலும் கொல்லைப்புறத்திலும் விளைந்து கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாக இலையிலிருந்து விலக்கிவிட்டு, வெள்ளைவெளேரென்ற சோற்றை மட்டும் நடுவிலே குவித்துக்கொண்டு, அதற்குப் பிறகு முகப்பூச்சு விற்கும் கடைக்கு நாம் போகிறோம் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

ஆகாரத்தின் பெருமையைப் பேச வந்தவன் அதன் எல்லையையும் சொல்லிவிடுவது நியாயம். முகச் சுருக்கத்துக்கும் கரும்புள்ளிகளுக்கும் பெருங்காரணம் வெயில். இதை அறிய ஆராய்ச்சிசாலைக்குப் போகவேண்டுவதில்லை. நாற்பது வருஷம் குனிந்து நாற்று நட்ட ஒரு மூதாட்டியின் முகத்தையும், அவருடைய மேற்கையின் வெயில் படாத உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டும் ஒரே வயதுடையவை, ஒரே சோற்றினால் வளர்ந்தவை, ஆயினும் ஒன்று வறண்டு வரிவரியாகச் சுருங்கியிருக்க, மற்றது இன்னும் மிருதுவாக இருப்பதைக் காண்பீர்கள். பீடியும் சிகரெட்டும் இந்த மூப்பை விரைவுபடுத்துகின்றன என்பதிலும் வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. நடவுக் காலத்தில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் எந்தக் கீரையைத் தின்றாலும் நீங்காது. அதற்குக் காலை உலர வைப்பதும், நம் பெண்கள் பூசிக்கொள்ளும் மருதாணியும், அது போதாதபோது வைத்தியர் தரும் மருந்துமே கதி. ஆகையால், சுருங்கிய தோலை உணவு மீண்டும் யௌவனமாக்கிவிடும் என்று யாராவது வாக்களித்தால் நம்பாதீர்கள். உடையும் தோலைச் செப்பனிட்டு, வரவிருக்கும் கேட்டைத் தள்ளிப்போடுவதே உணவின் காரியம். அதுவே பெரிய காரியந்தான்.

எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். சருமத்தின் மேற்படலம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறக்கும் புதிய உயிரணுக்கள் படிப்படியாக மேலே வந்து, உலர்ந்து, நாம் அறியாமலே உதிர்ந்துபோகின்றன. இப்படி இரவும் பகலும் ஓயாமல் உற்பத்தி நடைபெறும் ஓர் இடத்தில் மூலப்பொருள் குறையுமானால், அந்தக் குறை வேறெங்கும் வெளிப்படுவதற்கு முன்னர் அங்கே வெளிப்பட்டுவிடுவதில் ஆச்சரியமில்லை.

இந்த உண்மையை நம் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வயதைத் தெரிந்துகொள்வதற்காக. அந்த மாடு வயிறாரத் தீனி கண்டதா, பட்டினி கிடந்ததா என்று தீர்மானிப்பதற்கோ அவர் அதன் முதுகைத் தடவித்தான் பார்க்கிறார். தோல் மினுமினுத்து, மயிர் படிந்து, பிடித்து விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்புமாயின், தவிடும் எள்ளுப் பிண்ணாக்கும் பசும்புல்லும் குறைவின்றிக் கிடைத்த மாடு அது என்று கண்டுகொண்டு, விலையைப் பற்றி மேலே பேசுகிறார். மாட்டுக்கு இவ்வளவு நுட்பமாகப் பிரயோகித்த நியாயத்தைத் தம் சொந்தச் சரீரத்துக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் ஏனோ மறந்துவிட்டார். நெல்லை ஆலைக்கு அனுப்பி அதன் தவிட்டைத் தொழுவத்துக்கும், எள்ளைச் செக்கிலிட்டு அதன் பிண்ணாக்கைக் கழனித்தொட்டிக்கும், அகத்தியை ஒடித்து ஆட்டுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய வெள்ளை மாவுப்பொருளைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். தோல் நீக்கிய அரிசியை உண்டு தன் தோலுக்கு அழகு தேடுகிற இந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது!

அரிசியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், அந்தக் கதையின் ஒரு பெரும்பகுதி நம் பழைய சென்னை ராஜதானியிலேயே எழுதப்பட்டது. நீலகிரி மலையில் குன்னூரிலிருந்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில், 1918-ஆம் வருஷத்தில், ராபர்ட் மக்காரிசன் என்ற அயர்லாந்து வைத்தியர், பி வகை உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அந்த ஓர் அறையே பின்னர் ஒரு போஷணை ஆராய்ச்சிசாலையாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய போஷணை நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் வெவ்வேறு பிரதேச மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை மக்காரிசன் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்களும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் எடையிலும் திடத்திலும் முதலில் நிற்க, தீட்டிய அரிசியைப் பிரதானமாகக் கொண்ட சென்னை ராஜதானி உணவைத் தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. இதைக் கேட்டு, அரிசி தாழ்ந்தது, கோதுமை உயர்ந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. அரிசிக்கு நாம் செய்த கொடுமையும், அதற்குத் துணையாக ஒன்றும் வைக்காத நம் வறுமையுமே அந்த எலிகளின் உடம்பில் தெரிந்தன.

அக்கொடுமை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ராஜதானியின் வடகோடியில், பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார்க் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி குடியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாகவே காணப்பட்டது. காரணம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கிற தயமின் முதலிய பி வகை உயிர்ச்சத்துகளில் ஒரு பங்கு, நீருடன் சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையிலே தீட்டினாலும் அப்பங்கு முழுவதும் தொலைந்துபோவதில்லை. நாள்தோறும் சேற்றில் இறங்கியவர் வீட்டில் புழுங்கலரிசி வெந்தது. அக்கிரகாரங்களிலும் விருந்துப் பந்திகளிலும் பச்சரிசி வெந்தது. அந்தஸ்து ஒரு பக்கமும் உயிர்ச்சத்து மறுபக்கமுமாக இருந்த இந்த நிலைமையை நம் சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

புழுங்கலரிசி காத்துக்கொடுத்ததையும் நாம் அரிசி களைந்த தண்ணீரிலும் வடிகஞ்சியிலும் பாதி இழந்துவிடுகிறோம். வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் குழந்தைக்குக் கொடுத்ததும், இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து விடியற்காலையில் அந்த நீராகாரத்தைப் பருகிவிட்டு வயலுக்குப் போனதும் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டு மறைந்துபோயின; கஞ்சி பருத்திப் புடவைக்கு மட்டும் சிலகாலம் பயன்பட்டது, இப்போது அதற்கும் இல்லை. பழைய சோற்றைப் பற்றி இக்காலத்தில் வானளாவிய கணக்குகள் உலவுகின்றன. அவை அனைத்துக்கும் நான் சாட்சி சொல்ல வரவில்லை. நீரில் கரையும் சத்து வடிகஞ்சியோடு போய்விடுகிறது என்கிற ஒன்று மட்டும் போதும். பி வகைச் சத்து குறைந்தவர்களை நீங்களே அடையாளம் காணலாம்: வாயோரம் வெடித்திருக்கும், நாக்கு சிவந்து வழவழப்பாகும், மூக்கின் இருபுறமும் செதில் தட்டும். இதற்கு உதட்டுச் சாயம் பூசுவதால் என்ன பிரயோஜனம்?

இங்கே தஞ்சைக்குரிய ஒரு பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1892-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இந்தத் தஞ்சையிலே பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. 1934-ன் இறுதியில் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது அதன் காரியதரிசியாகப் பொறுப்பேற்று, கைக்குத்தல் அரிசிக்காகவும் அரிசி ஆலைகளுக்கு எதிராகவும் பல்லாண்டுகள் வாதாடியவர் அவர். உரலும் உலக்கையும் கிராமத்துப் பெண்ணுக்குக் கூலி தருகின்றன, தவிட்டின் சத்தை மனிதனுக்கு விட்டுவைக்கின்றன. ஆலையோ இரண்டையும் ஒரே சமயத்தில் பறித்துக்கொள்கிறது என்பது அந்தப் பிரசாரத்தின் சாரம். உலக்கை குத்திய பெண்ணின் தோள்வலியை அந்த வாதம் குறைவாக மதிப்பிட்டது என்றே நான் நினைக்கிறேன்; அந்த வேலை திரும்பி வரவேண்டுமென்று எந்தத் தாயும் விரும்பமாட்டாள். ஆனால், உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்க யந்திரத்தாலும் முடியும். அப்படிக் கேட்டு வாங்குபவர்கள்தாம் நம்மிடையே இல்லை. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியத்திலே பிறந்த ஒருவர் அரிசியைப் பற்றிச் சொன்னதை, அவருடைய சொந்த ஊரிலேயே நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பிற்காலத்தில், திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில், 2006-ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டுக்கொடுத்த நெல் ஜெயராமன் அவர்களின் முயற்சியால், மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் கருங்குறுவையும் மறுபடியும் கடைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் பல சிவந்த அரிசி. அந்தச் சிவப்பைத் தரும் பொருள்கள், உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் தன்மையுடையவை; ஆனால், அவை தவிட்டுப் படலத்திலேதான் தங்கியிருக்கின்றன. இதை அறியாமல், மாப்பிள்ளைச் சம்பாவை நல்ல விலை கொடுத்து வாங்கி, அதையும் இன்னும் கொஞ்சம் வெண்மையாகத் தீட்டித் தரச் சொல்லும் கனவான்களைக் கண்டிருக்கிறேன்.

இனிச் சோற்றுக்குத் துணையாக வரவேண்டியவற்றைப் பார்ப்போம். முதலிடம் கீரைக்கு. பாபநாசம், ராஜகிரி, ஆவூர் பக்கங்களில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு, கொடி பற்றிப் படர்வதற்கென்று அகத்தியை வரிசை வரிசையாக நட்டிருப்பது தெரியும். கும்பகோணம் வெற்றிலையின் கீர்த்தி பரவிய அளவுக்கு, அந்த வெற்றிலையைத் தாங்கி நிற்கும் அகத்தியின் கீர்த்தி பரவவில்லை. ஏகாதசி உபவாசம் இருந்தவர்கள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் சுண்டைக்காயையும் அவசியம் சேர்த்துக்கொள்வது ஆசாரம். அதை வகுத்தவர் யாராயினும், போஷணை சாஸ்திரம் படித்த ஒருவர் அதைவிடச் சிறந்த இலையைப் போட்டிருக்க முடியாது. அகத்தியிலும் முருங்கைக்கீரையிலும் நிறைந்துள்ள கரோட்டீன் உடலில் ஏ உயிர்ச்சத்தாக மாறுகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வருவதோடு சருமமும் வறண்டு சொரசொரப்பாகும். நெல்லியிலோ சி உயிர்ச்சத்து 100 கிராமுக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம் என்று நம் நாட்டின் பழைய உணவு அட்டவணை கூறியது. ஆரஞ்சில் அது 30-தான். சருமத்தின் மேற்படலத்துக்குக் கீழே நின்று அதைத் தளராமல் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் சரீரம் பின்னுவதற்குச் சி உயிர்ச்சத்து இன்றியமையாதது. இவ்வளவு இருந்தும், துவாதசி மாதத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது. மற்ற நாள்களில் கொடிக்கால் அகத்தி ஆட்டுக்குப் போகிறது.

கொடிக்காலைவிட வரப்பின் கதை வருத்தம் தருவது. பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி, தேங்கிய நீரில் தானே படரும் ஆரைக்கீரை ஆகியவற்றைக் களையெடுத்துத் திரும்பும் பெண்கள் மடியில் பறித்து வருவது வழக்கமாக இருந்தது. களைக்கொல்லி தெளித்த வயலிலே கீரை பறிக்க இன்றைக்கு யாருக்கும் துணிவு வராது. பொன்னாங்கண்ணி தின்றால் மேனி பொன்னிறமாகும் என்ற நம்பிக்கையை நான் வெறும் கற்பனை என்றே நினைத்துவந்தேன். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையார் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியோ, காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களின் சருமத்தில் ஆறு வாரங்களுக்குள் மெல்லிய பொன்மஞ்சள் சாயல் அளவிடக்கூடிய வகையில் ஏறுகிறது என்றும், பார்ப்பவர்கள் அந்தச் சாயலை ஆரோக்கியத்தின் அறிகுறியாகக் கருதுகிறார்கள் என்றும் காட்டியது. ஐரோப்பியரின் வெளிறிய மேனியில் கண்ட மாற்றம் நம் மேனியில் அவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

நிறத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பாலில் கலந்து கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதில் சாரம் சிறிதும் இல்லை. நிறம் பெற்றோரின் வழியாக வருவது. மாநிறமும் கறுப்பும் இந்த வெயிலுக்குச் சரீரம் அணிந்துகொண்ட கவசம். ஆரோக்கியமான சருமம் என்று நான் பேசும்போதெல்லாம் வெளுத்த சருமத்தை நினைத்துக்கொள்கிறவர்கள், அருள்கூர்ந்து அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும்.

கீரையின் கரோட்டீன் உடலில் சேர எண்ணெய் வேண்டும். எண்ணெய் இல்லாமல் வெறும் நீரில் வெந்த கீரை பாதிப் பயன்தான் தரும். எண்ணெய்க்குச் சொந்தமாகவும் ஓர் உபகாரம் உண்டு. முழங்கையிலும் முழங்காலிலும் தொடையின் வெளிப்புறத்திலும் மயிர்க்கால்தோறும் சிறு முள்போலத் தடித்து, தடவினால் அரம்போல் உறுத்தும் சருமத்தை நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் பணிபுரிந்த டாக்டர் லூசியஸ் நிக்கல்ஸ் 1933-ல் இதைத் தனி நோயாக வர்ணித்து, தேரைத் தோல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டார். ஏ உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு, பி வகைச் சத்தும், சில எண்ணெய்களிலே உள்ள இன்றியமையாத கொழுப்பமிலங்களும் கொடுத்தபோதும் குணம் கண்டது. அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவு கொடுத்த எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிவதை 1929-லேயே காட்டியிருந்தார்கள். அவர்கள் முக்கியமெனக் கண்ட லினோலிக் அமிலம், நம் நல்லெண்ணெயில் நூற்றுக்கு 40 பங்கு அளவில் இருக்கிறது. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் நூற்றுக்குப் 10 பங்குதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நல்ல வழக்கம். அந்த எண்ணெயில் இரண்டு கரண்டி வயிற்றுக்குள்ளும் போகட்டும்.

புரதம் இல்லாமல் தோலும் இல்லை, மயிரும் இல்லை. இதிலே பழைய தஞ்சை ஜில்லாவின் ஏழைக் கூலியாள், மிராசுதாரரைவிடச் சில பருவங்களில் மேலாகவே உண்டார் என்று சொன்னால் நீங்கள் திகைக்கலாம். வாய்க்கால் கெண்டையும் கெளுத்தியும், குளத்து விராலும், வயல் நண்டும் நத்தையும் விலையில்லாமல் அவருக்குக் கிடைத்தன. அவரைத் தாழ்ந்தவரென்று ஒதுக்கியவர்கள் அந்த உணவையும் தாழ்ந்ததென்று ஒதுக்கினார்கள். பட்டினியும் அவருக்கே உரியதாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. சைவ உணவினருக்கு உளுந்தும் பயறும் இருக்கின்றன. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னரே ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்து, அறுத்த தாளிடையே அது பனியிலே முளைத்து வளரவிடுவது இந்த டெல்டாவின் சாகுபடி முறை. 1922-ல் ஏற்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அதற்கென்றே உளுந்து ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனால், விளைந்ததெல்லாம் மூட்டையாகச் சந்தைக்குப் போய்விட, சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டிய வீடுகள் எத்தனையோ!

ஆகாரத்துக்கும் சருமத்துக்கும் உள்ள தொடர்பை மேனாட்டார்தாம் கண்டார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் இவ்வூரிலே தன்வந்திரி மகாலை நிறுவி வைத்தியர்களைக் கூட்டி ஆராயச் செய்ததும், அதன் பயனான சரபேந்திர வைத்திய முறைகளைச் சரஸ்வதி மகால் நூல்நிலையம் நோய்வாரியாக அச்சிட்டதும் நீங்கள் அறிந்தவை. கரப்பான் கண்டவருக்குக் கத்தரிக்காயும் கருவாடும் ஆகா என்று நம் வைத்தியர்கள் கரப்பான் பண்டங்களை விலக்குவதும் பழைய வழக்கம். எல்லோருக்கும் ஒரே பண்டம் ஒவ்வாமை உண்டாக்குவதில்லை என்பதால், அந்தப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி, நல்ல உணவையெல்லாம் இழந்து மெலிந்துபோவதையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

கடைசியாகச் சர்க்கரை. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் கிழங்கும் மீனும் தேங்காயும் பழமும் உண்டு வாழும் ஜனங்களில் 1200 பேரைச் சோதித்து, ஒருவர் முகத்திலும் பருக் காணவில்லை என்று 2002-ல் வெளியிட்டார்கள். பரம்பரையும் காரணமாக இருக்கலாம். ஆயினும், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவைக் குறைத்த வாலிபர்களுக்குப் பருக் குறைந்ததை ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையும் காட்டியிருக்கிறது. மிகுதியான சர்க்கரை கொலாஜன் நார்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்குகிறது என்பதும் தெரிந்த விஷயம். திருவையாற்று அசோகா அல்வாவை விட்டுவிடுங்கள் என்று திருவையாற்றுக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காலையில் இட்லி, நண்பகலில் தீட்டிய அரிசிச் சோறு, மாலையில் இனிப்பும் காப்பியும், இரவில் மறுபடி அரிசி என்று போகிற நாளைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். அந்தச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்திலே கீரையும் பருப்பும் வையுங்கள். வீட்டிலே எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் வெறும் சோறும் ரசமுமாக உண்கிற தாயாருக்கும் அந்தக் கீரையில் பங்கு எடுத்துவைத்துவிட்டு மற்றவர்கள் உண்ணத் தொடங்குங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து மெத்தென்று இருப்பதை அழுக்கென்று எண்ணி, எலுமிச்சம்பழத்தாலும் பீர்க்கங்கூட்டாலும் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்குகிறவர்கள் நம்மிடையே பலர். பெரும்பாலும் அது அழுக்கன்று. இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளம், நீரிழிவுக்கு முன்னறிவிப்பு. இந்தக் கூட்டத்திலும் அத்தகைய கழுத்தையுடையவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் நாளைக்குப் புதிய சோப்பு ஒன்று வாங்குவதற்கு முன்னால், காலையில் வெறும் வயிற்றோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் காசு கேட்பதில்லை.